நாகு கன்று போடும் வரை

இந்த வருடம் மட்டும் 5 பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "வாழ்வாதார உதவியாக மாடு தருகிறார்களாம், எடுக்கலாமா?" ஐவரும் என்னைப் போல விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து, போருக்குப் பின் அரசின் தடுப்பில் புனர்வாழ்வு முடித்து வந்தவர்கள். எடுக்கச் சொன்னேன். அதோடு ஒன்றையும் சொன்னேன்: மாடு முற்றத்துக்கு வந்த நாளுக்கும் முதல் பால் காசு கைக்கு வந்த நாளுக்கும் நடுவில் எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் போனது. தெரிந்த சிலர் அந்த வருடத்தைத் தாண்ட முடியாமல்தான் மாட்டை விற்றார்கள். அதனால் அந்த ஒரு வருடத்தை இங்கே எழுதிவைக்கிறேன்.

எங்கள் ஊர் முல்லைத்தீவு மாவட்டத்தில் முத்தையன்கட்டுப் பக்கம். அப்பாவிடம் 40 உருப்படிக்கு மேல் பட்டி மாடு நின்றது. 2009 தொடக்கத்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது அவர் பட்டியின் கடப்பைத் திறந்து, ஒவ்வொன்றாக முதுகில் தட்டிக் காட்டுப் பக்கம் அனுப்பினாராம். நான் அப்போது அவருடன் இல்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே அதற்கு முன்பே போய்விட்டது. மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து இராணுவக் கட்டுப்பாட்டுப் பக்கம் வந்தேன். பிறகு ஓமந்தையில் பதிவு, வவுனியா பூந்தோட்டத்தில் புனர்வாழ்வு, 2011 இல் சான்றிதழுடன் வீடு. மீள்குடியேறிய சனங்கள் காட்டில் கட்டாக்காலியாகத் திரிந்த மாடுகளைப் பிடித்துவந்து, சுட்ட குறியைப் பார்த்து உரியவர்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் குறியுள்ள மாடு ஒன்றுகூட வரவில்லை.

2014 தையில் அக்கா தன் சங்கிலியை அடகு வைத்து எனக்கு ஒரு நாகு, அதாவது இன்னும் கன்று போடாத இளம் பசு, வாங்கித் தந்தார். ஜேர்சிக் கலப்பு, செம்மண் நிறம். சிவப்பி என்று கூப்பிட்டோம். பெரிய பிரீசியன் மாடு கூடுதலாகக் கறக்கும் என்று பலர் ஆசை காட்டினார்கள். வன்னி வெயிலில் அது இளைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் போடும் தீனியை வாங்க என்னிடம் வசதியும் இல்லை. முதல் மாடு எடுப்பவர்கள் சின்ன உடம்புக்காரியையே எடுக்க வேண்டும் என்பதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

நாகு சினைப்படாமல் பால் இல்லை. சினை ஊசியில்தான், அதாவது காளையின் விந்தை ஊசியால் செலுத்துவதில்தான், நான் தடுக்கி விழுந்தேன். மாடு 21 நாளுக்கு ஒருமுறை காளைக்குக் கத்தும் என்பது பட்டிக்காரனின் மகனான எனக்குத் தெரியாததில்லை. ஆனால் பட்டியில் நாம்பன் (காளை) கூடவே நிற்கும்; நேரத்தை அது பார்த்துக்கொள்ளும். ஊசி என்றால் நேரத்தை நாம் பார்க்க வேண்டும். பங்குனியில் அவள் கத்தியபோது பசி என்று நினைத்துப் புல்லை அள்ளிப் போட்டேன். சித்திரையில் காலையிலேயே கண்டுவிட்டேன். தோட்டத்தில் கூலி வேலை இருந்ததால் மாலையில்தான் தொலைபேசி எடுத்தேன். ஊசி போடுபவர் மறுநாள் வந்து போட்டார். பிடிக்கவில்லை.

அன்று அந்த மனிதர் கோபிக்காமல் திண்ணையில் இருந்து விளக்கினார். "தம்பி, காலையில் கண்டால் அன்று மாலை போட வேண்டும். மாலையில் கண்டால் மறுநாள் காலை. கத்துவதை மட்டும் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைப் பாருங்கள்." கண்ணாடி போலத் தெளிந்த சளி, அறாமல் நூலாக வாலில் தொங்கும். மற்ற மாடு மேலே தாவினால் விலகாமல் நிற்கும். அவர் கொண்டுவந்த சிறிய கொள்கலனைத் திறந்தபோது வெள்ளைப் புகை வழிந்தது. உள்ளே இருப்பது மறை (மைனஸ்) 196 பாகைக் குளிரில் உள்ள திரவ நைதரசன் என்றார். அவ்வளவு பாதுகாத்துக் கொண்டுவருவதை நேரம் தப்பிப் போட வைத்துவிட்டேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

போர் முடிந்தும் எனக்கு இரவு 2 மணிக்கு விழிப்பு வந்துவிடும். அது இயக்கத்தில் என் சென்றி (காவல்) நேரம். எழும்பிக் கிணற்றடியில் இருந்துவிட்டு, விடிந்ததும் தலையிடியோடு வேலைக்குப் போவேன். வைகாசியில் ஓர் இரவு அப்படி எழும்பி டோர்ச்சை அடித்தபோது சிவப்பி படுக்காமல் நின்றாள். வாலை நகர்த்திப் பார்த்தேன். வெளிச்சத்தில் அந்த நூல் மினுங்கியது. விடிந்ததும் தொலைபேசி எடுத்தேன், அன்று கூலிக்குப் போகவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு ஊசி போடப்பட்டது. 21 நாள் எண்ணினேன், கத்தவில்லை. பிறகு வைத்தியர் கைவிட்டுப் பார்த்துச் சினை என்று உறுதி சொன்னார்.

அதன்பின் ஏறக்குறைய 280 நாள். வரும்படி எதுவும் இல்லாத நாட்கள். ஆடி, ஆவணி வறட்சியில் புல் கருகியது. தூரத்து வாய்க்கால் கரையில் அறுத்துச் சைக்கிளில் கட்டி வந்தேன். இடையிடையே பாதுகாப்புத் தரப்பினர், யார் வருகிறார்கள், எங்கே போகிறேன் என்று வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். கன்றுத்தாச்சி மாட்டைக் காட்டுவேன்.

2015 மாசியில், பனி கொட்டிய ஒரு விடியலில், அவளுக்கு நோக்காடு எடுத்தது. முன்னங்கால் குளம்பு இரண்டும் வெளியே தெரிந்தன, அவற்றின் மேல் மூக்கு. அப்படி வந்தால் பயமில்லை. ஒரு கால் மட்டும் வந்தாலோ மூக்கைக் காணாவிட்டாலோ இழுக்காமல் வைத்தியரைக் கூப்பிட வேண்டும். பொய்க்காலைக் கழற்றி வைத்துவிட்டு வைக்கோலில் இருந்து, அவள் முக்கும்போது மட்டும் கீழ்நோக்கி மெல்ல இழுத்துக் கொடுத்தேன். பசுக்கன்று. மூக்குச் சளியை வழித்து, தொப்புளில் அயடீன் பூசி, ஒரு மணி நேரத்துக்குள் கடும்பை (சீம்பாலை) குடிக்க வைத்தேன். இளங்கொடி (நஞ்சுக்கொடி) மத்தியானம் விழுந்தது. அம்மா அதைச் சாக்கில் கட்டி, அப்பா கட்டுகிற அதே ஆலமரத்தில் கட்டச் சொன்னார். மரம் நின்றது, கிளைகளில் பாதி ஷெல்லில் முறிந்திருந்தன.

கறப்பதற்கு நான் குந்தி இருக்க முடியாது. பனங்குற்றி ஒன்றைத் தறித்து இருக்கையாக்கி, பொய்க்காலை நேரே நீட்டி வைத்துக் கறந்தேன். ஒருநாள் அவள் அந்தக் காலின் மேல் ஏறி நின்றிருக்கிறாள். வாளியோடு எழும்ப முயன்றபோதுதான் தெரிந்தது. அன்று 4 லீற்றர் பாலும் மண்ணுக்குப் போனது. அதற்குப் பிறகு அவளுடைய இடப்பக்கம் மாறி இருந்து பழக்கினேன்.

கடும்பு நாட்கள் கழிந்து பால் சேகரிக்கும் இடத்துக்குப் போன முதல் நாள், பால்மானியை (பாலின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவியை) விட்டுப் பார்த்தவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "தண்ணீர் கலந்திருக்கிறது" என்றார். வரிசை திரும்பிப் பார்த்தது. என் வாழ்வில் பல விசாரணைகளுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். அன்று நின்றதுபோல உடம்பு கூசி நின்றதில்லை. பின்னால் நின்ற ஒரு வயதான அம்மா, "கறந்த சூட்டோடு கொண்டுவந்தாயா மகனே?" என்று கேட்டார். சூடான பாலில் பால்மானி, தண்ணீர் கலந்த பாலில் போலவே, கூடுதலாகத் தாழும், நுரையும் அடங்கியிருக்காது. மறுநாள் வாளியைக் கிணற்றுத் தண்ணீருக்குள் அரை மணி நேரம் வைத்து ஆற்றிக் கொண்டுபோனேன். அளவு ஏறியது. முழுதாக ஏறவில்லை, அதற்கும் காரணம் இருந்தது: நான் வைக்கோலையும் புல்லையும் மட்டுமே போட்டுக்கொண்டிருந்தேன். தவிடும் புண்ணாக்கும் சேர்த்த பிறகு கொழுப்பும் மற்றத் திண்மமும் கூடின. அந்த இரண்டையும் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள், லீற்றரை மட்டும் வைத்தல்ல. அக்காவின் சங்கிலி அந்த ஆவணியில் மீண்டது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2022 மார்கழியில் மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் ஒரே இரவில் விறைத்துச் செத்தன. அப்போது என்னிடம் 7 நின்றன. கொட்டிலில் 5 மட்டுமே கொள்ளும். சாக்குப் போர்த்தி, விடிய விடிய நெருப்பு மூட்டினேன். வெளியே நின்ற இரண்டையும் காப்பாற்ற முடியவில்லை. மாடு எடுக்கிறவர்கள் காற்று வரும் பக்கம் மறைத்த கொட்டிலை முதலில் போடுங்கள்.

இன்று அதிகாலை சிவப்பியின் பேர்த்தி கத்தினாள். டோர்ச்சை அடித்துப் பார்த்தேன், நூல் தெளிவாக இருக்கிறது. மாலையில் வருவதாக ஊசி போடுபவர் சொல்லியிருக்கிறார். அவளை வேப்பமர நிழலில் கட்டிவிட்டு, அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.