81 டிக்கெட்டும் ஒரே பெட்டியில்: பேஸ்பால் சீசன் டிக்கெட் தொகுப்பு நம்மூர் ஈரத்தில் கெடாமல் இருக்க

பேஸ்பால் குழு அனுப்பிய சீசன் டிக்கெட் பெட்டி கைக்கு வந்ததும் முதல் வேலை எண்ணிப் பார்ப்பதுதான். அமெரிக்க மேஜர் லீக்கில் ஒவ்வொரு குழுவும் ஆண்டுக்கு 162 ஆட்டம் ஆடுகிறது. அதில் சரிபாதி சொந்தத் திடலில். ஆக, முழு சீசனுக்குப் பணம் கட்டியவருக்கு ஒரு நாற்காலிக்கு 81 டிக்கெட். இரண்டு நாற்காலி என்றால் 162. எண்ணிக்கை 78 என்றோ 79 என்றோ வந்தால், விற்றவர் நல்ல ஆட்டங்களை உருவிக்கொண்டு மிச்சத்தை உங்கள் தலையில் கட்டியிருக்கலாம். தொடக்க ஆட்டம், சாதனை நடந்த நாள், பழைய எதிரியோடு மோதிய வார இறுதி, இவைதான் முதலில் காணாமல் போகும். அரை சீசன், இருபது ஆட்டத் திட்டம் என்றும் உண்டு. வாங்குமுன் எந்தத் திட்டம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊரில் பேஸ்பால் டிக்கெட்டைச் சேர்த்து என்ன ஆகப் போகிறது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பந்து என்றால் இங்கே கால்பந்துதான், திடல் என்றால் ஈப்போவில் பேராக் ஸ்டேடியம்தான். ஆனால் ஒரு நாற்காலியின் ஒரு வருட வாழ்க்கை முழுவதையும் தாளில் அச்சடித்துப் பெட்டியில் போட்டு வீட்டுக்கு அனுப்புவது அருமையான வழக்கம். அந்த வழக்கம் இப்போது மறைந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் அண்ணன் மகனோ மருமகனோ அப்படி ஒரு பெட்டியை அனுப்பி வைத்தால், நம்மூர் ஈரத்தில் அது பத்து வருடமாவது தாங்க வேண்டும்.

பெட்டி பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், சீசன் தொடங்குவதற்கு முன் போய்ச் சேரும். கெட்டி அட்டை, மூடியில் குழுவின் சின்னம், பார்க்கக் கல்யாணப் புடவைப் பெட்டி மாதிரி இருக்கும். உள்ளே டிக்கெட்டுகள் இடப்பக்கம் ஒட்டிய புத்தகமாகவோ, மூன்று நான்கு டிக்கெட் சேர்ந்த தாள்களாகவோ இருக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் ஆட்டக்காரர் படம், எதிர்க்குழு, தேதி, நுழைவாயில், பகுதி, வரிசை, நாற்காலி எண், விலை, பார்கோடு. கூடவே கார் நிறுத்தும் சீட்டு, சட்டைப்பையில் வைக்கும் அளவில் ஆட்ட அட்டவணை, ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்த அட்டவணை, சட்டையில் குத்தும் பின், கழுத்தில் மாட்டும் நாடா, குழுத் தலைவர் பெயரில் ஒரு கடிதம். சில குழுக்கள் தலையாட்டி பொம்மையோ தொப்பியோ சேர்த்து வைக்கும். அந்தக் கடிதத்தைத் தூக்கி எறிபவர்கள் அதிகம். எறியாதீர்கள். அந்த ஆண்டு பெட்டிக்குள் என்னென்ன வந்தது என்பதற்கு பல நேரம் அது ஒன்றே சாட்சி. பணம் கட்டிய தவணைப் பட்டியல் கிடைத்தால் அதையும் சேர்த்து வையுங்கள்.

டிக்கெட்டின் ஒரு ஓரத்தில் துளைக்கோடு ஓடும். பார்கோடு வருவதற்கு முன்பு வாயிற்காப்பாளர் அந்தக் கோட்டில் கிழித்துப் பாதியைத் தான் வைத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். கையில் மிஞ்சிய பாதிக்கு மழைச் சீட்டு என்ற பெயரும் உண்டு. ஐந்து இன்னிங்ஸ் முடிவதற்குள் மழை ஆட்டத்தை நிறுத்திவிட்டால், அதைக் காட்டி வேறொரு நாள் உள்ளே போகலாம். எனவே பழைய டிக்கெட் கிழியாமல் முழுசாக இருந்தால், அதை வைத்து யாரும் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். பார்கோடு காலத்தில் இந்தக் கணக்கு செல்லாது. கருவியால் படித்துவிட்டு டிக்கெட்டை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். முழு டிக்கெட், யாரும் பயன்படுத்தாதது என்று யாராவது கூடுதல் விலை சொன்னால், முதலில் ஆண்டைப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், பெட்டியில் வருவதைவிட செப்டம்பர் வாக்கில் தனியாக வரும் உறைதான் அதிசயம். குழு இறுதிச் சுற்றுகளுக்குப் போகும் வாய்ப்பு தெரிந்தால், சீசன் டிக்கெட்காரர்களிடம் முன்கூட்டியே பணம் வாங்கிக்கொண்டு எல்லாச் சுற்றுக்கும் டிக்கெட் அச்சடித்து அனுப்பிவிடுவார்கள். தகுதி கிடைக்கும் வரை காத்திருந்தால் அச்சுக்கும் அஞ்சலுக்கும் நேரம் இருக்காது. 1995 முதல் 2011 வரை மூன்று சுற்று: டிவிஷன் சுற்று ஐந்து ஆட்டம், லீக் இறுதி ஏழு, சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடர் ஏழு. சொந்தத் திடலில் அதிகபட்சம் மூன்று, நான்கு, நான்கு. மொத்தம் 11 டிக்கெட். யாருடன் ஆட்டம், எந்தத் தேதி என்று தெரியாததால் ‘உலகத் தொடர், சொந்தத் திடல் ஆட்டம் 2’ என்று மட்டும் அச்சாகியிருக்கும். குழு முதல் சுற்றிலேயே தோற்றால் மிச்சமெல்லாம் நடக்காத ஆட்டத்தின் டிக்கெட். சேகரிப்பவர்கள் இதைப் பேய் டிக்கெட் என்பார்கள். பணத்தைத் திருப்பித் தருவார்கள், அல்லது அடுத்த ஆண்டுக் கணக்கில் வரவு வைப்பார்கள். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் பணம் என்றிருந்த இடங்களில் மிஞ்சியவை மிகக் குறைவு.

1964இல் பிலடெல்பியா ஃபிலிஸ் குழு 12 ஆட்டம் மீதமிருக்க, பட்டியலில் ஆறரை ஆட்டம் முன்னிலையில் இருந்தது. உலகத் தொடர் டிக்கெட்டும் அச்சாகிவிட்டது. பிறகு வரிசையாகப் பத்து ஆட்டம் தோற்று வாய்ப்பை இழந்தார்கள். அந்த டிக்கெட்டுகள் இன்றும் கைமாறுகின்றன. 1994 இன்னும் வேறு மாதிரி. ஆகஸ்டு 12 அன்று ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், செப்டம்பர் 14 அன்று உலகத் தொடரையே ரத்து செய்தார்கள். எனவே 1994 தொகுப்பு எதை எடுத்தாலும், ஆகஸ்டு பாதிக்குப் பிறகு உள்ள டிக்கெட்டுகள் அத்தனையும் நடக்காத ஆட்டங்கள். அந்த ஆண்டு 74 வெற்றி, 40 தோல்வியோடு எல்லாருக்கும் மேலே நின்றது மாண்ட்ரியல் எக்ஸ்போஸ். 2005இல் அந்தக் குழு வாஷிங்டனுக்கே போய்விட்டது. அந்த ஆண்டின் மாண்ட்ரியல் தொகுப்பு பிரியாமல் கிடைத்தால், விலையைப் பற்றி நீண்ட நேரம் யோசிக்க வேண்டாம்.

தனி டிக்கெட்டின் விலை எங்கேயோ போய்விட்டது. நவீன மேஜர் லீக்கின் முதல் கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன் 1947 ஏப்ரல் 15 அன்று முதன்முதலாக மேஜர் லீக்கில் இறங்கிய ஆட்டத்தின் கிழித்த பாதி ஒன்று, 2022இல் 480,000 அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. 2010 மே 29 அன்று புளோரிடாவில் வெளியூர்க் குழுவின் பந்து வீச்சாளர் ராய் ஹாலடே எதிர்க்குழுவில் ஒருவரைக்கூட முதல் தளத்தைத் தொட விடாமல் பந்து வீசி முடித்தபோது, உள்ளூர்க் குழு விற்காமல் மிஞ்சிய டிக்கெட்டுகளை ஆட்டம் முடிந்த பிறகும் அச்சிட்ட விலைக்கே நினைவுப் பொருளாக விற்றது. அந்த ஆட்டத்தைப் பொறுத்தவரை முழு டிக்கெட் கையில் இருப்பது, அங்கே போனதற்கு அத்தாட்சி இல்லை. இப்படி ஓர் ஆட்டம் உங்கள் தொகுப்பில் இருக்கிறது என்று தெரிந்ததும் அதை மட்டும் உருவி விற்கக் கை துடிக்கும். தயவுசெய்து உருவாதீர்கள். மீதி எண்பதும் அன்றைக்கே உதிரித் தாளாகிவிடும்.

இப்போது பெரும்பாலான குழுக்கள் டிக்கெட்டைக் கைப்பேசிச் செயலிக்கே அனுப்புகின்றன. போலியைத் தடுக்கலாம், அச்சுச் செலவு மிச்சம், யார் உள்ளே வந்தார் என்றும் தெரியும். சில குழுக்கள் கேட்பவர்களுக்கு மட்டும் நினைவு டிக்கெட் அச்சடித்து விற்கின்றன. அதில் நுழைவு பார்கோடு இருக்காது. ஏமாற்று என்று நினைத்து ஒதுக்க வேண்டாம், ஆனால் அசல் விலை கொடுக்கவும் வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து அனுப்புபவரிடம் மூன்று சொல்லுங்கள். டிக்கெட்டைப் பாலித்தீன் பையில் போட்டு இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே வைக்க வேண்டும். டிக்கெட் மீது எங்கும் டேப் ஒட்டக் கூடாது. சுங்கப் படிவத்தில் ‘பழைய காகித டிக்கெட், சேகரிப்புக்கு, நுழைவு செல்லாது’ என்று தெளிவாக எழுத வேண்டும். இணைய விற்பனையாளரிடம் வாங்கினால் 500 ரிங்கிட்டுக்குள் வரும் இறக்குமதிப் பொருளுக்கும் 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

இனி ஈரம். பக்கத்துத் தைப்பிங் மழைக்குப் பெயர் போனது. நமக்கும் சாயங்கால மழை குறைவில்லை. காற்றின் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டினால் தாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். இங்கே இரவில் அது 90ஐத் தொடுவது சாதாரணம். ஆனால் பூஞ்சைக்கு முன்பே வரும் கேடு, ஒட்டிக்கொள்ளுதல். சீசன் டிக்கெட் வழவழப்பான பூச்சுத் தாள். அந்தப் பூச்சு ஈரத்தை இழுத்துப் பசையாகும், மறுபடி காயும்போது அடுத்த டிக்கெட்டோடு சேர்ந்து இறுகும். புத்தகமாக வந்தது செங்கல் மாதிரி ஆகிவிடும். காய்ந்த பிறகு பிரித்தால் ஆட்டக்காரர் முகம் அடுத்த டிக்கெட்டின் முதுகோடு உரிந்து போகும். தாள்களுக்கு இடையில் அமிலமற்ற மெல்லிய தாள் ஒன்று வைத்தால் இந்த வம்பு குறையும். கூரை ஒழுகியோ வெள்ளத்திலோ நனைந்தே விட்டால், ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பிரித்து, மின்விசிறிக் காற்றில் வலைமீது பரப்ப வேண்டும். உடனே செய்ய முடியாவிட்டால் பையில் போட்டு ஃபிரீசரில் வையுங்கள், அவகாசம் கிடைக்கும்.

திடல் முகப்பில் வாங்கிய டிக்கெட் பெரும்பாலும் வெப்பத்தால் எழுத்து தோன்றும் தாள், நம் கடை ரசீது மாதிரி. இதைச் சூட்டு லேமினேட் செய்தால் முழுதும் கறுத்துவிடும். சானிடைசர் பட்ட விரலும், வெயிலும், கார் முன்கண்ணாடியும் இதற்கு ஆகாது. பெட்டியில் வரும் சீசன் டிக்கெட் வண்ண அச்சு, அதைவிடத் தாங்கும். எது எது என்று சந்தேகம் வந்தால், மதிப்பில்லாத ஒன்றின் ஓரத்தை நகத்தால் வேகமாகக் கீறிப் பாருங்கள்; கறுப்புக் கோடு விழுந்தால் வெப்பத் தாள்.

புத்தகக் கடையில் கிடைக்கும் மென்மையான, வாசனை அடிக்கும் பிளாஸ்டிக் உறை பிவிசி. அதிலுள்ள மென்மையாக்கி எண்ணெய் மெல்லக் கசிந்து வெப்பத் தாளின் எழுத்தை அழிக்கும், வண்ண மையைத் தன்னோடு ஒட்டி இழுக்கும். பாலிபுரொப்பலீன் அல்லது பாலியெஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள். இதே காரணத்துக்காகக் காந்த அட்டவணையும், கழுத்து நாடாவில் வரும் பிளாஸ்டிக் உறையும் டிக்கெட்டோடு ஒரே அடுக்கில் இருக்கக் கூடாது. ரப்பர் பேண்ட் போடவே கூடாது. கித்தா மரத்தோடு வளர்ந்த ஊருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பழைய ரப்பர் முதலில் பிசுபிசுக்கும், பிறகு ஓடுபோல் உடையும். அதிலுள்ள கந்தகம் தாளில் பழுப்புக் கோடு போட்டுவிட்டுப் போகும்.

வந்த அட்டைப்பெட்டி அழகுதான், ஆனால் காப்புக்கு உதவாது. டிக்கெட்டுகளை உறையில் போட்டு, நான்கு பக்கமும் கொக்கி பூட்டும் ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். 10 லிட்டர் டப்பாவுக்கு 200 கிராம் சிலிக்கா ஜெல், துணிப்பையில். சின்ன ஈரமானி ஒன்றும் உள்ளே இருக்கட்டும். 45 முதல் 55 வரை காட்டினால் நிம்மதி; 35க்குக் கீழே போனால் தாள் சுருண்டு நொறுங்கக்கூடும், ஜெல்லில் பாதியை எடுத்துவிடுங்கள். ஆரஞ்சு நிற ஜெல் நிறம் மாறினால் தட்டில் பரப்பி ஓவன் அடுப்பில் 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடி உயிர் வரும். நீல நிறத்தில் கோபால்ட் கலந்திருக்கும், சமையல் அடுப்புக்கு அது வேண்டாம். மழை பெய்துகொண்டிருக்கும்போது டப்பாவைத் திறக்காதீர்கள். ஏர்கான் அறையில் குளிர்ந்த டப்பாவை வெளியே கொண்டுவந்தால், அரை நாள் மூடியே இருக்கட்டும். உடனே திறந்தால் டிக்கெட் மேல் பனி படியும்.

வைக்குமிடம் உள்சுவர் ஓரம், தரையிலிருந்து ஒரு சாண் உயரம். தகரக் கூரைக்குக் கீழே பரணில் வைத்தால் வெந்துவிடும். தரையில் வைத்தால் கரையான் வரும். சாமி அறை அலமாரி பாதுகாப்பாகத் தோன்றும், ஆனால் சாம்பிராணிப் புகையும் விளக்குக் கரியும் வழவழத் தாளில் படிந்தால் துடைத்து எடுக்க முடியாது. அந்துருண்டை போட வேண்டாம், சில பிளாஸ்டிக்கை அது இளக்கிவிடும். வேப்பிலை, நொச்சி இலை ஏட்டுச்சுவடிக்கு வைத்தது; மூடிய டப்பாவில் அதுவே ஈரத்தைக் கொண்டுவரும். வெள்ளிப்பூச்சி தெரிந்தால் பையில் காற்றில்லாமல் மூடி இரண்டு வாரம் ஃபிரீசரில் வைத்து, வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள்.

தீபாவளிக்கு வீடு கழுவும் வாரம்தான் ஆபத்து அதிகம். பாயையும் துணியையும் வெயிலில் போடும்போது, நல்லெண்ணத்தில் இந்தப் பெட்டியையும் யாராவது வாசலில் காயவைத்துவிடுவார்கள். வெயில் பட்டால் வெப்பத் தாளின் எழுத்து மங்கும், வண்ணம் வெளுக்கும். அதனால் டப்பா மூடியில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்: வெயிலில் வைக்காதே, திறக்காதே. உட்புறம் ஒரு தாளில் பென்சிலால் குழு, ஆண்டு, பகுதி, வரிசை, நாற்காலி, எத்தனை டிக்கெட், எந்த எண் இல்லை, யாரிடமிருந்து வந்தது என்று குறித்து வையுங்கள். பேனா மை ஈரத்தில் பரவும். டிக்கெட்டைப் படமெடுத்து வெளியிடுவதாக இருந்தால், அதில் அச்சாகியிருக்கும் கணக்கு எண்ணையும் உரிமையாளர் பெயரையும் ஒரு துண்டுத் தாளால் மறைத்துவிட்டு எடுங்கள்.