சாம்பிள் எத்தனை மணிக்கு எடுத்தீங்க?

கொரோனா காலத்தில் வெளிநாடு போய் வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் மூக்கில் குச்சி விட்ட கதையைத்தான் முதலில் எடுப்பார்கள். என்னைக் கேட்டால் அது ஒரு விஷயமே இல்லை. அரை நிமிஷ வேலை, கண்ணில் தண்ணீர் முட்டும், ஒரு தும்மல் வரும், அவ்வளவுதான். உயிரை வாங்கியது அந்தக் குச்சியை வெளியே எடுத்த நொடியில் ஓடத் தொடங்கும் கடிகாரம்.

விமானம் ஏற, 72 மணி நேரத்துக்குள் எடுத்த கொரோனா டெஸ்டில் நெகட்டிவ் வேண்டும் என்பார்கள் அப்போது. எதிலிருந்து எது வரை 72? சாம்பிள் கொடுத்ததிலிருந்தா, ரிசல்ட் வந்ததிலிருந்தா? முதல் விமானம் கிளம்பும் வரையா, மாறி ஏறும் விமானம் கிளம்பும் வரையா, போய் இறங்கும் வரையா? நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. பெரும்பாலான இடங்களில் சாம்பிள் எடுத்த நேரம்தான் தொடக்கம், ஆனால் லேப் ரிப்போர்ட்டில் சாம்பிள் எடுத்தது, லேபுக்கு வந்து சேர்ந்தது, ரிசல்ட் கொடுத்தது என்று மூன்று நேரம் வரிசையாக அச்சாகியிருக்கும், நாம் சந்தோஷமாகப் பார்ப்பது கடைசி வரியை. செக்-இன் கவுண்டரில் இருந்த பெண் பேனாவின் பின்முனையை நேராக முதல் வரியில் வைத்தார், உதடு லேசாக அசைய மணி நேரத்தை எண்ணினார், ரிப்போர்ட்டில் தெளிவாக இருந்தும் நிமிர்ந்து பார்த்து வாயாலும் ஒரு முறை கேட்டார். அந்தக் கேள்விதான் தலைப்பில் இருப்பது.

இந்த விஷயத்தில் அமெரிக்காவின் விதி கொஞ்சம் இரக்கமுள்ளதாக இருந்தது என்று சொல்வேன். 2021 ஜனவரி 26 முதல் அங்கே போகிறவர்கள் கிளம்புவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் டெஸ்ட் எடுத்திருக்க வேண்டும் என்றார்கள். மணிக்கணக்கு கிடையாது, நாள் கணக்கு. 19ஆம் தேதி இரவு விமானம் என்றால் 16ஆம் தேதி காலையில் எடுத்த டெஸ்டும் செல்லும், விமானம் தாமதமானால் உடனே நெஞ்சு படபடக்க வேண்டியதில்லை. 2021 நவம்பர் கடைசியில் ஒமைக்ரான் வந்ததும் டிசம்பர் 6 முதல் அதையே ஒரே நாளாகச் சுருக்கிவிட்டார்கள், தடுப்பூசி போட்டவர், போடாதவர் எல்லோருக்கும். முன்கூட்டியே லேபில் நேரம் பதிவு செய்துவைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் மறுபடி மாற்ற வேண்டி வந்தது. துபாய் வழி இன்னொரு ரகம். 2021 ஆகஸ்டில் இந்தியா, பாகிஸ்தான் மாதிரி சில நாடுகளிலிருந்து போகிறவர்களுக்கு 48 மணி நேர பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் லேப் டெஸ்ட்) போதவில்லை, கிளம்புவதற்கு முன் 6 மணி நேரத்துக்குள் விமான நிலையத்திலேயே ரேபிட் பிசிஆர் ஒன்றும் எடுக்க வேண்டியிருந்தது. பெட்டியோடு வந்து நின்று, ரிசல்ட் என்ன வருமோ என்று உட்கார்ந்திருப்பது. பாசிட்டிவ் என்றால் அங்கிருந்தே திரும்ப வேண்டியதுதான்.

சரி, விதியைத் தெரிந்துகொள்வது எப்படி? தூதரகப் பக்கம், சுகாதாரத் துறைப் பக்கம், விமான நிறுவனப் பக்கம் என்று மூன்றையும் பார்த்தால் மூன்றும் மூன்று தேதியில் புதுப்பிக்கப்பட்டிருக்கும். இதில் பலருக்குப் பிடிபடாத ஒன்று உண்டு: உங்களை ஏற்றுவதா வேண்டாமா என்று முதலில் முடிவு செய்வது போய் இறங்கும் நாட்டு அதிகாரி இல்லை, செக்-இன் கவுண்டர். தப்பான ஆவணத்தோடு ஆளை ஏற்றிப் போனால் விமான நிறுவனத்துக்கு அபராதம் விழும், திருப்பிக் கொண்டுவரும் செலவும் அவர்கள் தலையில். அதனால் அந்த ஊழியர் ‘டைமேட்டிக்’ என்ற தரவுத்தளத்தைத் திறந்து அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் நம்புவார். நீங்கள் என்னதான் வாதாடினாலும் திரையில் இருப்பதுதான் சட்டம். அந்த நாட்டு அரசின் பக்கத்தை அன்று காலையில் அச்செடுத்துக் கையில் வைத்திருந்தால் மட்டும் கொஞ்சம் காது கொடுப்பார்கள், மேலாளரைக் கூப்பிடுவார்கள்.

ட்ரான்சிட் இருந்தால் தலைவலி இரட்டிப்பு. அமெரிக்கக் கணக்கில் எல்லா விமானமும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே பதிவு எண்ணில் இருந்து, இடையில் எந்தக் காத்திருப்பும் 24 மணி நேரத்தைத் தாண்டாமல் இருந்தால் முதல் விமானத்திலிருந்து எண்ண விட்டார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு தனித்தனி டிக்கெட் வாங்கியவர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. நடு வழியில் டெஸ்ட் காலாவதியாகிப் போனவர்களுக்கு விமான நிலையத்துக்குள்ளேயே இருக்கும் லேப்தான் கதி, அங்கே கேட்பதுதான் விலை.

அப்புறம் காகிதத்தின் வடிவம். ஜப்பான் தனக்கென்று ஒரு படிவம் வைத்திருந்தது, சாம்பிள் எங்கிருந்து எடுத்தது என்பது வரை அதில் குறித்திருக்க வேண்டும், தொண்டையில் மட்டும் எடுத்தது செல்லாது. பிரிட்டன் ரிப்போர்ட்டை ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மூன்றில் ஒன்றில் கேட்டது. அதோடு நிற்கவில்லை, டெஸ்டின் துல்லியம் குறைந்தது இத்தனை சதவீதம், அதுவும் ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை வைரஸ் இருக்கும்போது என்று நிபந்தனை போட்டு, அதை லேபிடம் கேட்டு உறுதி செய்வது பயணியின் பொறுப்பு என்றது. லேபில் ரசீது போடுகிறவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்! எனக்கு ஒரு லேப் கொடுத்த ரிப்போர்ட்டில் பாஸ்போர்ட் எண்ணின் கடைசி இலக்கத்தைக் காணோம். நெகட்டிவ் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, ஆள் யார் என்பதுதான் இல்லை. இரவோடு இரவாகத் திருத்தி அனுப்பினார்கள், ஆனால் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் இன்னும் பழைய ரிப்போர்ட்டே திறக்கிறது, மறுபடி போன், மறுபடி கெஞ்சல்.

இதிலெல்லாம் மிக மோசமாக மாட்டியது குணமாகி வந்தவர்கள்தான். நோய் போய் வாரக்கணக்கில் ஆன பிறகும் பிசிஆர் பாசிட்டிவ் காட்டலாம், அது உடம்பில் மிச்சம் கிடக்கும் வைரஸ் துணுக்குகளையும் பிடித்துவிடும், அந்த ஆள் யாருக்கும் பரப்பக்கூடிய நிலையில் இல்லாவிட்டாலும். அமெரிக்கா இதற்கு வழி வைத்திருந்தது: 90 நாட்களுக்குள் வந்த பாசிட்டிவ் ரிப்போர்ட், பயணம் செய்யலாம் என்று மருத்துவர் கொடுத்த கடிதம், இரண்டும் இருந்தால் போதும். வைரஸின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் டெஸ்டையும் ஏற்றார்கள், அதில் பழைய துணுக்குகள் பெரும்பாலும் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 1 முதல் கொடுத்த கொரோனா சான்றிதழில் குணமானவர் என்பதே தனி வகை, பாசிட்டிவ் வந்த 11ஆம் நாளிலிருந்து 180 நாள் வரை செல்லுபடியானது. பிசிஆர் நெகட்டிவ் மட்டும்தான் வேண்டும், வேறு எதுவும் பேசாதே என்று நின்ற நாடுகளுக்குப் போக வேண்டியவர்கள் என்ன செய்வார்கள்? நன்றாக நடமாடிக்கொண்டே, டிக்கெட்டைத் தள்ளித் தள்ளி வைத்து, சில நாளுக்கு ஒரு தரம் போய் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.