சுண்ணாம்புச் சட்டியின் ஏடு

பர்மாவின் மோல்மேன் நகரில் எங்கள் பள்ளிக்கு எதிரே இருந்த வெற்றிலைக் கடையிலிருந்து ஒரு சுண்ணாம்புச் சட்டியை வாங்கிவரச் செய்து, அதை மேசைமேல் வைத்துத்தான் எங்கள் வேதியியல் சயா (பர்மிய மொழியில் ஆசிரியர்) தானாகவே நிகழக்கூடிய தன்னிச்சை வினைகளைப் பற்றிய பாடத்தைத் தொடங்கினார். இரவெல்லாம் மூடாமல் கிடந்த சுண்ணாம்பு நீரின்மேல் வெள்ளை ஏடு படிந்திருந்தது; குச்சி பட்டதும் அது மெல்லிய ஓடுபோல் நொறுங்கியது. தூசி என்றோம் நாங்கள். "இல்லை, சுண்ணாம்புக்கல்" என்றார். சூளையில் கரியமில வாயுவை இழந்து சுண்ணாம்பான கல், காற்றிலிருந்து அதே வாயுவை வாங்கிக்கொண்டு, யாரும் தூண்டாமலே மீண்டும் கல்லாகியிருந்தது.

அப்படியானால் சால்வீன் ஆற்றங்கரையோரச் சுண்ணாம்புக்கல் குன்றுகள் இத்தனை காலம் வெயிலில் காய்ந்தும் ஏன் சுண்ணாம்பாகவில்லை என்று அவர் கேட்டபோது, காலம் போதவில்லை என்று நான் சொன்னேன். வேகம் வேறு, திசை வேறு என்று அவர் பொறுமையாக விளக்கியதை என் வாழ்நாள் பேறாகவே கருதுகிறேன். வினை உள்வாங்கும் அல்லது வெளிவிடும் வெப்பமான என்தால்பி மாற்றத்திலிருந்து, கெல்வின் வெப்பநிலையையும் ஒழுங்கின்மையின் அளவான என்ட்ரோபியின் மாற்றத்தையும் பெருக்கிவரும் தொகையைக் கழித்தால் கிடைக்கும் கிப்ஸ் கட்டிலா ஆற்றல் மாற்றம் எதிர்க்குறி பெற்றால்தான் வினை தானாக நிகழும். கல் சிதைய, மோல் எனும் பொருளளவு ஒன்றுக்கு 178 கிலோஜூல் வெப்பம் வேண்டும். வாயு வெளியேறுவதால் என்ட்ரோபி கெல்வினுக்கு 160 ஜூல் கூடும். கிப்ஸ் மாற்றம் சுழியாகும் வெப்பநிலையை அறிய, வெப்பத்தை என்ட்ரோபியால் கரும்பலகையில் வகுத்துப் பார்த்தோம்: ஏறத்தாழ 1110 கெல்வின், அதாவது 840 டிகிரி செல்சியஸ். இவ்விரு மதிப்புகளும் வெப்பநிலையோடு சற்றே மாறுவதால் உண்மையில் 900ஐ நெருங்கும் என்றும், காற்றோட்டம் வாயுவை அகற்றிக்கொண்டே இருந்தால் அதற்குக் கீழேயே சிதைவு தொடங்கும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

வெப்பம் எல்லா வினைக்கும் துணை என்ற எங்கள் எண்ணத்தை அம்மோனியா தயாரிப்பு மாற்றியது. அங்கே நைட்ரஜனும் ஹைட்ரஜனுமான நான்கு மோல் வாயு இரண்டு மோல் அம்மோனியாவாகச் சுருங்குவதால் என்ட்ரோபி குறைகிறது. ஆகவே சூடு ஏற ஏற வினை தன்னிச்சைத் தன்மையை இழக்கிறது. ஆயினும் வேகத்துக்காக ஆலைகளில் 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, அந்த இழப்பை உயர் அழுத்தத்தால் ஈடுகட்டுகிறார்கள்.

மணி அடித்ததும் சட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்தோம். கடைக்கார அம்மா எஞ்சியிருந்த ஏட்டை விரலால் ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்த சுண்ணாம்பைத் தொட்டு அடுத்த வெற்றிலையில் தடவினார்.