எட்டாம் எண் போகும் வழி

சுவிட்சர்லாந்தில் மொழி தெரியாதவரும் வாசிக்கக்கூடிய பலகை ஒன்று உண்டு. அடர் சிவப்பில் இருக்கும். வெள்ளையில் ஒரு சைக்கிள் படம், பக்கத்தில் வெளிர்நீலப் பெட்டிக்குள் ஓர் எண். எண் ஓரிலக்கம் என்றால் அது பல மாநிலங்களைக் கடந்து போகும் தேசியப் பாதை. ஈரிலக்கம் என்றால் பிராந்தியப் பாதை. மூன்றிலக்கம் என்றால் அந்தச் சுற்றுவட்டாரத்துக்குள்ளேயே முடிந்துவிடும்.

1998இல் ஒன்பது தேசியப் பாதைகளைத் திறந்தார்கள். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 3,300 கிலோமீட்டர். ரோன் நதியோரம் போவது 1, ரைன் நதியோரம் 2, ஜூரா மலைத்தொடரில் 7, ஆரே நதியோரம் 8. நான் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்ததும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். இங்கு என் வாழ்க்கை வேர்பிடித்ததில் இந்த எட்டாம் எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு.

இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் பலரையும்போல எனக்கும் முதலில் கிடைத்தது உணவகச் சமையலறை வேலை. மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்கு விடுவார்கள், ஐந்து மணிக்குத் திரும்ப நிற்க வேண்டும். அந்த மூன்று மணிநேரத்தை என்ன செய்வது? பலர் அறைக்குப் போய்ப் படுப்பார்கள், சிலர் ரயில் நிலையத்தில் போய் நின்று கதைப்பார்கள். கடைக்குள் ஏறினால் காசு செலவு. தெரியாத கிராமத்துக்குள் நடந்தால், இவன் இங்கே எதற்கு வந்தான் என்று வீட்டு யன்னல்கள் பார்ப்பதுபோல இருக்கும். யாரும் எதுவும் கேட்டதில்லை. ஆனாலும் அங்கே நிற்பதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும்போல மனம் அரித்துக்கொண்டே இருக்கும்.

எனக்கு முன்பே வந்திருந்த ஓர் அண்ணைதான் தன் பழைய சைக்கிளைத் தந்தார். “தம்பி, ஊர்ப் பேரை வாசிச்சு மினக்கெடாதை. நம்பரைப் பார்த்துப் போ, நம்பரைப் பார்த்துத் திரும்பி வா” என்றார்.

அதற்குப் பிறகு நிலைமை மாறியது. அதே கிராமம், அதே யன்னல்கள். ஆனால் பலகை என்னை அந்த வழியாகப் போகச் சொல்கிறது. மாட்டுத் தொழுவத்துக்கும் வீட்டுக்கும் நடுவே போகும் ஒடுங்கிய ரோட்டில்கூட நான் போகலாம், ஏனென்றால் அது எட்டாம் எண் பாதை. எதிரே வருகிறவர்கள் வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்கள், நானும் சொல்கிறேன். அப்போது என்னிடம் இருந்தது எஃப் அனுமதி. தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் என்ற அந்த அட்டையோடு நினைத்தவுடன் வெளிநாடு போக முடியாது. நாட்டுக்குள்ளே எத்தனை தூரம் போகலாம் என்பதை எனக்குக் காட்டியது இந்தச் சிவப்புப் பலகைதான்.

இவ்வளவு நீளமான பாதைகளைப் புதிதாக வெட்டிப் போட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெரும்பகுதி ஏற்கெனவே இருந்த வயல் ரோடுகளும் காட்டுப் பாதைகளும் வாகனம் குறைந்த கிராம ரோடுகளும்தான். காருக்குத் தடை, விவசாய வேலைக்கு மட்டும் அனுமதி என்று போட்டிருக்கும் ரோட்டில் சைக்கிள் போகலாம். உழவு இயந்திரம் வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டும், அது அவர்களுடைய வேலைத்தலம். ஆக, உண்மையான வேலை தார் ஊற்றுவதில் இல்லை. இருக்கிற துண்டுகளை ஒன்றோடொன்று கோப்பதிலும், 26 மாநிலங்களும் ஒரே மாதிரிப் பலகையை நட ஒப்புக்கொள்வதிலும், ஒரு பலகை விழுந்தால் யார் திரும்ப நடுவது என்று எழுதி வைப்பதிலும்தான் இருக்கிறது. பாதைகளை நாடளாவிய ஒரே வலையமைப்பாக ஒருங்கிணைப்பது ஷ்வைட்ஸ்மொபில் என்ற அமைப்பு. தங்கள் எல்லைக்குள் பலகைகளை நட்டுப் பராமரிப்பது மாநிலங்களின் பொறுப்பு. ஒரு மாநில எல்லையைத் தாண்டியதே தெரியாமல் அடுத்ததற்குள் போய்விடுகிறோம் என்றால், எங்கோ ஒரு அறையில் பலர் பொறுமையாக உட்கார்ந்து பேசி முடித்திருக்கிறார்கள். அந்தப் பொறுமைமேல் எனக்குப் பெரிய மரியாதை.

சட்டமும் பின்னால் வந்தது. நடைபாதைகளுக்கும் மலையேற்றப் பாதைகளுக்கும் 1979 வாக்கெடுப்பிலேயே அரசியலமைப்பில் இடம் கிடைத்துவிட்டது. சைக்கிள் பாதைகளை அதே 88ஆம் பிரிவில் சேர்க்கலாமா என்று 2018 செப்டம்பர் 23 அன்று மக்களிடம் கேட்டார்கள். அதற்குள் எனக்குக் குடியுரிமை வந்துவிட்டது. தபாலில் வந்த தடித்த உறையைப் பிரித்து, சமையலறை மேசையில் வைத்து, ஆம் என்று எழுதினேன். அன்றே கேட்கப்பட்ட, உணவு பற்றிய இரண்டு முன்மொழிவுகளும் தோற்றன. சைக்கிள் பாதைக்கு மட்டும் 73.6 சதவீதம் ஆதரவு, எல்லா மாநிலங்களிலும் வெற்றி. அதை ஒட்டிய சட்டம் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாநிலங்கள் 2027 முடிவுக்குள் தங்கள் பாதை வலையமைப்பைத் திட்டமிட வேண்டும், 2042க்குள் செய்து முடிக்க வேண்டும். 88ஆம் பிரிவில் எனக்குப் பிடித்தது ஒரு சிறு வரி: கூட்டாட்சி அரசு தன் வேலைக்காக இப்படியான ஒரு பாதையை எடுத்துவிட நேர்ந்தால், மாற்றுப் பாதை கொடுக்க வேண்டும். பாதையை எடுத்தேன், அவ்வளவுதான் என்று கையைக் கழுவ முடியாது.

ஆரே நதி முழுவதும் சுவிட்சர்லாந்துக்குள்ளேயே ஓடுகிறது. பேர்ண் நகரைச் சுற்றி வளைந்து, பீல் ஏரிக்குள் இறங்கி வெளியேறி, சொலத்தூர்ன், ஆராவ் கடந்து கோப்ளென்ஸ் என்ற ஊரில் ரைனோடு கலக்கிறது. எட்டாம் பாதையும் அங்கேதான் முடிகிறது. எஃப் அனுமதிக் காலத்தில் நான் ஒருமுறை அதுவரை போயிருக்கிறேன். அக்கரையில் ஜெர்மனி. பாலம் இருக்கிறது, மக்கள் சாமான் வாங்கப் போய் வருகிறார்கள், எனக்கு அனுமதியில்லை. அன்று வந்த வலியை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வந்த வழியெல்லாம் பண்ணை வாசல்களில் முட்டையும் ஆப்பிளும் வைத்து, பக்கத்தில் ஒரு காசுத் தகரமும் வைத்திருந்தார்கள். காவலுக்கு ஆளில்லை. முன்பின் தெரியாத என்னையும் நம்பி வைத்தது அது. இரண்டும் ஒரே நாடுதான்.

இதையெல்லாம் எழுதும்போது ஊர் ஞாபகம் வராமல் இருக்காது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பெட்ரோல் இல்லாத யாழ்ப்பாணத்தைச் சுமந்தது சைக்கிள். பின்னால் இருக்கும் கரியலில் நோயாளி, விறகு, அரிசி மூட்டை எல்லாம் போனது. இன்று அங்கே சைக்கிளை ஏழைகளின் வாகனமாகப் பார்க்கும் பார்வை வந்துவிட்டது, அது எனக்குக் கவலை. பண்ணைப் பாலத்தால் வேலணைக்குப் போய், கடலுக்கு நடுவே போட்ட தாம்போதி வழியாகப் புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் இறங்குதுறை வரை போகும் வழியை நினைத்துப் பாருங்கள். மேடே இல்லை, இரண்டு பக்கமும் கடல். அங்கிருந்து படகில் நயினாதீவு, நெடுந்தீவு. அங்கே புது ரோடு தேவையில்லை. ஓர் எண், எல்லோருக்கும் விளங்கும் ஒரே மாதிரிப் பலகை, காற்று அடிக்கும்போது ஒதுங்க நிழல், தண்ணீர், பலகைக்குப் பொறுப்பான ஓர் அலுவலகம், அவ்வளவும் போதும். கடைசியாகச் சொன்னதுதான் கடினம். பிரதேச சபைகள் ஒன்றாக உட்கார்ந்து அதை எழுதி வைத்தால் மற்றதெல்லாம் செய்யக்கூடிய வேலை.

சரி, சுவிஸுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், எங்கே தொடங்குவது? ஆரே பாதையின் மேல்பகுதியைத் தொடாதீர்கள். அங்கே 2,164 மீட்டர் உயரத்தில் கிரிம்சல் கணவாய் இருக்கிறது, அது பழகியவர்களுக்கு. பீல் நகரில் தொடங்குங்கள். சைக்கிளை ரயிலில் ஏற்ற அதற்கும் தனி டிக்கெட் எடுக்க வேண்டும், சில விரைவு ரயில்களில் இடமும் முன்பதிவு செய்ய வேண்டும். நிலையத்துக்கு வெளியே சிவப்புப் பலகையைத் தேடி 8ஐப் பிடியுங்கள். கால்வாயோரம் ப்யூரன் வரை போனால் கூரை போட்ட மரப் பாலம் வரும், அதன் நிழலில் இளைப்பாறலாம். அப்புறம் ஆற்றோரம் அல்ட்ரோய் கிராமம். சுவிஸில் அற்றுப்போயிருந்த வெண்நாரைகளை அல்ஜீரியாவிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய இடம் அது. இப்போது கூரைகளின்மேல் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. பிள்ளைகள் இருந்தால் அங்கே அரை மணிநேரமாவது நிற்க வேண்டிவரும். மொத்தம் 30 கிலோமீட்டருக்குள்தான், ஏற்றமும் இல்லை. சொலத்தூர்னில் முடித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பேர்ணுக்கும் சூரிச்சுக்கும் நேர் ரயில் இருக்கிறது.