சகாவும் மனசும் சேர்ந்த ஒரு பெயர்

பள்ளியில் பாரசீக வரலாற்றுப் பாடம் படித்தபோது 'அகாமனிசியப் பேரரசு' எனக்கு வாயில் நுழையாத ஒரு பெயர், அவ்வளவுதான். பல வருஷம் கழித்துத்தான் அதைப் பிரித்துப் பார்த்தேன். அந்த வம்சத்தின் மூதாதை அரசனுக்குப் பழம்பாரசீகத்தில் ஹகாமனிஷ் என்று பெயர். வடமொழியில் 'ச' வரும் இடத்தில் அங்கே பெரும்பாலும் 'ஹ' வரும். சிந்து அவர்கள் வாயில் ஹிந்து ஆனது அப்படித்தான். அப்போ 'ஹகா' யார்? வடமொழி வழியாக நம்மிடமும் வந்து சேர்ந்த சகா! 'மனிஷ்' நாம் தினமும் சொல்கிற மனசு. நண்பனின் மனசு கொண்டவன். அன்றைக்கு அந்தப் பெயரை வாய்விட்டு நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தேன்.

இந்தப் பெயரைப் பாறையில் ஏற்றியவர் பாரசீகப் பேரரசர் முதலாம் டேரியஸ். கி.மு. 522இல் ஆட்சியைப் பிடித்தவர், இன்றைய ஈரானிலுள்ள பெஹிஸ்தூன் மலையில் மூன்று மொழிகளில் தன் வம்சத்தை வெட்டி வைத்தார். அப்பா, தாத்தா என்று ஏறிக்கொண்டே போய், தெய்ஸ்பெஸின் அப்பா ஹகாமனிஷ் என்று முடிக்கிறார். அதனால்தான் நாங்கள் அகாமனிசியர் என்கிறார்.

2013 டிசம்பர் கடைசியில், டேரியஸுக்கு முன்பே அந்தப் பேரரசை நிறுவிய சைரஸின் களிமண் உருளை மும்பை அருங்காட்சியகத்துக்கு வந்திருந்தது. போய்ப் பார்த்தேன். ஒரு சாண் நீளம்தான் இருக்கும். நடுவில் பருத்து, உடம்பு முழுக்க ஆப்பு வடிவ எழுத்து. அங்கங்கே பெயர்ந்துபோன மண். கி.மு. 539இல் பாபிலோனைப் பிடித்த பிறகு எழுதியது. அதன் மொழிபெயர்ப்பில் ஹகாமனிஷைத் தேடினேன். காம்பைசஸின் மகன், முதல் சைரஸின் பேரன், தெய்ஸ்பெஸின் வழிவந்தவன், எல்லோரும் அன்ஷான் என்ற ஊரின் அரசர்கள். அதோடு சரி. இன்னொரு தடவை படித்தேன். இல்லை.

சைரஸின் வம்சத்தோடு தன்னை ஒட்டவைக்க டேரியஸ்தான் இந்த மூதாதையை மேலே சேர்த்தார் என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். சைரஸின் தலைநகரான பசர்கதாயில் 'நான் சைரஸ், அகாமனிசியன்' என்றிருக்கும் கல்வெட்டையும் அவரே வெட்டச் செய்திருப்பார் என்பார்கள். ஒட்டவைத்தார் என்பது எனக்கும் சரியாகத்தான் படுகிறது. ஆனால் ஆளையே கற்பனை செய்தார் என்றால் மனம் ஒப்பவில்லை. இல்லாத முப்பாட்டனுக்குப் பெயர் வைக்கிறவர் வெற்றி, வீரம் என்றுதானே வைத்திருப்பார்? நண்பனின் மனசு என்றா வைப்பார்?