இரண்டு பல் உடைந்ததற்குக் கேஸ் ஏற்றிய கதை

கார் ஏசி சரியாகிப் பத்து நாள் ஆகிறது. எரிச்சல் மட்டும் இன்னும் அடங்கவில்லை.

முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். "டேய், உனக்கு ஜில்லுனு வருது, எனக்கு மட்டும் முழங்கால்ல அனல் அடிக்குதேடா" என்றார். கை வைத்துப் பார்த்தேன். என் பக்க வென்ட்டில் நல்ல குளிர், அவர் பக்கத்தில் சுடுகாற்று. இரண்டு பக்கமும் 22 டிகிரிதான் வைத்திருந்தேன். கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் சுத்தமாகவே இருந்தது.

முதல் ஒர்க்‌ஷாப்பில் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் "கேஸ் குறைஞ்சிருக்கும் சார்" என்று பதில் வந்துவிட்டது. அதை முழுத் தப்பு என்றும் சொல்ல முடியாது. கேஸ் குறைந்தால் கூலிங் காயிலின் ஒரு பாதி மட்டும் குளிர்ந்து, ஒரு பக்கம் மட்டும் சூடாக வருவது உண்டுதான். ஆனால் அவர் பார்த்த விதம்தான் கொடுமை. இன்ஜினை ஓடவிடாமலேயே மீட்டரை மாட்டினார், ஒரு எண்ணைப் பார்த்தார், தலையாட்டினார். நிற்கிற வண்டியில் காட்டும் அழுத்தத்தை வைத்து எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று சொல்லவே முடியாது. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருந்தாலும் போதும், அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்துத்தான் அமையும். ஆர்134ஏ என்கிற ஏசி கேஸ் என்றால் 30 டிகிரியில் ஏறக்குறைய 97 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) காட்டும், பாதி கேஸ் இருந்தாலும் சரி, முழுசாக இருந்தாலும் சரி. இது எனக்குத் தெரிந்தது பிற்பாடு. அன்று பேசாமல் நின்றேன். இருந்த கேஸை வெளியே எடுக்காமல், எடை பார்க்காமல், மேலேயே ஏற்றி அனுப்பினார்.

அப்புறம்தான் உண்மையான தலைவலி. அம்மா பக்கத்து அனல் அப்படியே இருந்தது. கூடவே, சிக்னலில் நின்றால் என் பக்கமும் குளிர் போக ஆரம்பித்தது. கம்ப்ரசர் டக்கென்று ஆஃப் ஆகும், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப ஓடும். அளவுக்கு மேல் கேஸ் இருந்ததால் அழுத்தம் ஏறி, பாதுகாப்புக்காக அதுவே நின்றிருக்கிறது. இரண்டாவது ஒர்க்‌ஷாப்காரர் இதைப் பார்த்துவிட்டு "கம்ப்ரசர் போச்சு, மாத்திடலாம்" என்றார். வண்டியின் கோளாறு எண்களைப் படிக்கும் ஸ்கேனரும் மாட்டினார், எதுவும் வரவில்லை. வராதுதான். அவர் ஸ்கேனரில் படித்தது இன்ஜின் பகுதியை மட்டும். ஏசி கோளாறு எண்கள் தனி மாட்யூலில் (கட்டுப்பாட்டுப் பெட்டியில்) இருக்கும், பெரும்பாலும் 'B' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். ஸ்கேன் செய்பவரிடம் "கிளைமேட் கன்ட்ரோல் மாட்யூலையும் படிங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கம்ப்ரசர் மாற்றுவதை யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவி வந்தேன். அந்த நழுவலுக்காக என்னை நானே பாராட்டிக்கொள்கிறேன்.

அன்று இரவு வண்டியை நிறுத்திவிட்டு, எதையோ எடுக்க மறுபடி சாவியைத் திருப்பினேன். பாட்டு இல்லை, இன்ஜின் இல்லை. கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் டிக், டிக், டிக் என்று ஒரு பத்துப் பதினைந்து தடவை சத்தம், அப்புறம் அமைதி. இத்தனை நாளும் இந்தச் சத்தம் இருந்திருக்க வேண்டும், பாட்டில் அமுங்கிப் போயிருக்கிறது. பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, டேஷ்போர்டுக்குள் போகிற இரண்டு ஏசி குழாய்களில் தடித்ததைத் தொட்டேன். ஜில்லென்று வியர்த்திருந்தது. குளிர் உள்ளே போகிறது, வெளியே வரும் வழியில்தான் யாரோ சூடு கலக்கிறார்கள்.

அந்த 'யாரோ' கலவைக் கதவு. ஹீட்டர் வழியாக எவ்வளவு காற்று போகலாம் என்று முடிவு செய்வது அதுதான். அதைத் திருப்புவது கைக்குள் அடங்கும் ஒரு சின்ன மோட்டார், ஆக்சுவேட்டர் என்பார்கள். பக்கத்துக்கு ஒன்று.

கழற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள், அங்கேதான் ஏர்பேக்கும் இருக்கிறது. கிளவ் பாக்ஸ் எளிதாக வந்தது. மோட்டாருக்கு மூன்று ஸ்க்ரூ. இரண்டு கண்ணுக்குத் தெரியும். மூன்றாவதைத் தலைகீழாகப் படுத்து, போன் கேமராவில் பார்த்துக் கண்டுபிடித்தேன். நீளமான ஸ்க்ரூடிரைவர் நுழையாது, குட்டையானது வேண்டும். ஸ்க்ரூ முனையில் துளி கிரீஸ் தடவிக்கொண்டால் கீழே விழாது; நான் இரண்டு தடவை விழவிட்ட பிறகு கற்றது. மோட்டார் வந்ததும் கதவின் தண்டை விரலால் திருப்பிப் பார்த்தேன், இரு பக்கமும் தடையில்லாமல் போனது. இறுகியிருந்தால் கதவே பழுது, டேஷ்போர்டையே இறக்க வேண்டியிருக்கும். மோட்டாரைப் பிரித்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் அடுத்தடுத்து இரண்டு பல் இல்லை. அந்த இடைவெளியில் வழுக்கித்தான் டிக் டிக்.

புது மோட்டார் வாங்கியதில் ஒரு நடை வீண். காற்றுத் திசையை மாற்றும் மோட்டாரும் பார்க்க அச்சு அசலாக இதே மாதிரி, தண்டு நுழையும் துளை மட்டும் வேறு. பழையதன் மேல் அச்சிட்ட எண்ணைக் காட்டி வாங்காதது என் தப்பு. சரியானது வரும்வரை கதவைக் குளிர் பக்கம் திருப்பி டேப் போட்டு ஒட்டி வைத்தேன். அம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

மாட்டிய பிறகு இக்னிஷனை ஆன் செய்து, எந்தப் பட்டனையும் தொடாமல் ஒரு நிமிடம் விட்டேன். மோட்டார் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஓடித் தன் எல்லையைக் கற்றுக்கொண்டது. சில வண்டிகளில் இதற்கும் ஸ்கேனர் வேண்டும்.

மீதி இருந்தது அந்த அதிகப்படி கேஸ். அதில் நான் கை வைக்கவில்லை. மூன்றாவதாக ஒருவரிடம் போய், இருப்பதை முழுதும் எடுத்து, வாக்யூம் போட்டு (மிச்சக் காற்றை உறிஞ்சி எடுத்து), பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் உள்ள 500 கிராமை எடை போட்டு ஏற்றச் சொன்னேன். வெளியே எடுத்த கேஸை மெஷின் எடை போட்டது: 690 கிராம். அவர் என்னைப் பார்த்தார். "நான் ஏத்தலீங்க" என்றேன்.

இப்போது இரண்டு வென்ட்டிலும் தெர்மாமீட்டர் 7 டிகிரி காட்டுகிறது. சிக்னலிலும் கம்ப்ரசர் நிற்பதில்லை. கிளவ் பாக்ஸ் மூடி மட்டும் முன்போல உட்கார மாட்டேன் என்கிறது, பள்ளத்தில் ஏறி இறங்கினால் லேசாகக் கடகடக்கிறது.