ராத்திரி மாத்திரை

"அந்த மாத்திரைக்குக் கிருமியக் கொல்லுற குணமும் இருக்குன்னு ஆராய்ச்சியில வந்திருக்குக்கா." நான் சொன்னது இவ்வளவுதான். பொய் சொல்லவில்லை.

மரிக்கொழுந்துப் பாசி எடுக்கக் கடலில் இறங்கி, பாறை கிழித்த பாதம் அந்த அக்காவுக்கு. சர்க்கரை வேறு. சீட்டில் புண்ணுக்கு 7 நாள் ஆன்டிபயாடிக், காந்தலுக்கு ராத்திரி அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். மூன்றாம் நாள் மருந்துக்கடைக்கு வந்தார். "நல்லாத் தூக்கம் வருது தம்பி. ஆனா இது பைத்தியத்துக்குக் குடுக்குற மாத்திரையாமே, பக்கத்து வீட்ல சொல்றாங்க." ஏர்வாடியைச் சுற்றியுள்ள ஊர்களில் அந்தச் சொல்லின் கனம் தெரிந்ததால்தான் பதறினேன். நரம்புக் காந்தலுக்கும் இதுதான் மருந்து என்றேன். அவர் முகம் தெளிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

படித்ததைச் சொல்ல ஆசை. 1961 முதல் மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்து, ஆய்வகத் தட்டில் கிருமி வளர்வதைத் தடுக்கிறது. ஆன்டிபயாடிக்கை வெளியே தள்ள கிருமி வைத்திருக்கும் பம்பையும் முடக்குகிறது. படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஆனால் தட்டில் அதற்கு ஒரு மில்லிக்குப் பத்துக்கணக்கில், சில கிருமிகளுக்கு நூற்றுக்கணக்கில் மைக்ரோகிராம் வேண்டும். மனச்சோர்வுக்கு முழு அளவில் சாப்பிடுபவர் ரத்தத்திலேயே மில்லிக்கு 80 முதல் 200 நானோகிராம்தான்; ஆயிரம் நானோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மைக்ரோகிராம். தட்டின் அளவை உடம்பில் எட்டுவதற்குள் இதயம் தாளாது. 2008-இல் ஜெர்மனியில் எலிகளின் நுரையீரல் தொற்று இதே மருந்தால் குறைந்தது. அதுகூடக் கிருமியைக் கொன்று அல்ல, நுரையீரலில் தேங்கிய செராமைடு என்ற கொழுப்பைக் குறைத்து. இதெல்லாம் அன்றும் எனக்குத் தெரியும். அவரிடம் சொன்னது முதல் பாதியை மட்டும்.

ஆன்டிபயாடிக் வயிற்றைப் புரட்டியதாம். "அதான் இதுவே கொல்லும்னு சொன்னியே" என்று அதை நிறுத்திவிட்டார். ஒன்பதாம் நாள் செருப்புக்குள் நுழையாத அளவு வீக்கம். ராமநாதபுரத்தில் சுண்டுவிரலை எடுத்தார்கள்.

நான் சொல்லாவிட்டாலும் நிறுத்தியிருப்பார். வயிற்றைப் புரட்டினால் இங்கே பாதிப் பேர் நிறுத்துகிறார்கள். நாலாம் நாளே புண்ணோடு கடலில் இறங்கியும் இருக்கிறார். இப்படி எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் "சொன்னியே" என்றாரே.

போன வாரம் சர்க்கரை மாத்திரை வாங்க வந்தார். அட்டையை வெட்டிக்கொண்டிருந்தேன். குரலைத் தாழ்த்தி, "நீ சொல்லித்தான் நிறுத்துனேன்னு டாக்டர்ட்ட நான் சொல்லல தம்பி" என்றார்.

கத்தரிக்கோலை வைத்துவிட்டு, மீதிச் சில்லறையை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தேன்.